ஸ்காட்லாந்தின் குலங்களும் கேடயச் சின்னங்களும்: ஒரு ஜவுளிக்காரரின் குறிப்புகள்

ஸ்காட்லாந்தின் வடபகுதியில் ரோஸ்ஷயர் என்று ஒரு வட்டாரம். அங்கே ஆல்னஸ் என்னும் சிற்றூருக்கு அருகில் ஃபைரிஷ் என்ற குன்று இருக்கிறது. உயரம் 453 மீட்டர். அதன் உச்சியில் கருங்கல் வாசல் ஒன்று தன்னந்தனியாக நிற்கிறது. பின்னால் கோட்டை இல்லை, கோயில் இல்லை, ஊரும் இல்லை. வெறும் வாசல். அது எந்த ஊர் வாசல் என்று நினைக்கிறீர்கள்? நம் நாகப்பட்டினத்துக் கோட்டை வாசல்!

1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த ஆங்கிலக் கம்பெனிப் படைக்குத் தலைவர் சர் ஹெக்டர் மன்றோ. அதற்கு முந்தைய ஆண்டு, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் சிக்கி அழிந்தபோது, உதவிக்குப் போகாமல் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினாரே, அதே மன்றோதான். அந்தப் பழி ஓரளவு நாகப்பட்டினத்தில் கழிந்தது. அந்த வெற்றியின் நினைவாக 1782இல் தன் சொந்த மண்ணில், நோவார் என்ற தன் பண்ணைக்கு மேலே, நாகப்பட்டினத்து வாசலைப் போலவே ஒன்றைக் கட்ட ஏற்பாடு செய்தார். பஞ்சத்தில் அடிபட்ட குடியானவர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்பதற்காகவே அதைக் கட்டினார் என்கிறார்கள். மேலே ஏற்றிய கற்களை இரவில் உருட்டிவிட்டு, மறுநாள் மறுபடி ஏற்றச் சொல்லி இன்னொரு கூலி கொடுத்தார் என்று அந்த ஊரில் ஒரு கதையும் உண்டு. கதைதான், இருக்கட்டும்.

எனக்கு எழுந்த கேள்வி வேறு. பரம்பரை பரம்பரையாக அதே மண்ணில் உழுத ஜனங்கள், அந்த வட்டாரத்தில் பலருக்கும் மன்றோ என்றே பெயர், எதற்காகக் கூலிக்குக் கல் சுமக்கும் நிலைக்கு வந்தார்கள்? இதற்கு விடை தேடினால்தான் 'கிளான்' என்ற சொல்லுக்கே பொருள் விளங்கும்.

இந்த இடத்தில் அடியேனைப் பற்றி நாலு வார்த்தை. பம்பாய்க்குப் பத்தொன்பது வயதில் வந்தவன். நாற்பது ஆண்டுக்கு மேல் ஜவுளி வியாபாரம், அதிலும் பள்ளிக்கூடச் சீருடைத் துணி. கான்வென்ட் பெண்பிள்ளைகளின் பாவாடைக்குக் கட்டம் போட்ட துணி வாங்கி விற்பேன். பச்சையும் நீலமும் கறுப்புமாக ஒரு கட்டம் எந்த மில்லுக்குப் போனாலும் இருக்கும். "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதையில் பழைய புத்தகம் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஃபிராங்க் ஆடம் என்பவர் 1908இல் வெளியிட்ட மலைநாட்டுக் குலங்கள் பற்றிய புத்தகம் ஒன்று, அட்டை கிழிந்தது, கையில் கிடைத்தது. என் பாவாடைத் துணி அதில் வண்ணப்படமாக இருந்தது! 'பிளாக் வாட்ச்' என்னும் பட்டாளத்தின் கட்டம் அது. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. வீட்டில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

சரி, கிளான் என்றால் என்ன? கேலிக் மொழியில் 'கிளான்' என்றால் பிள்ளைகள் என்றுதான் பொருள். 'மெக்' என்றால் மகன். மெக்டொனால்ட் என்றால் டொனால்டின் மகன். பெண்ணாக இருந்தால் கேலிக்கில் 'நிக்'. ஆகவே எல்லாரும் ஒரே மூதாதையின் மக்கள் என்பது கொள்கை. உண்மை அப்படியில்லை. தலைவனின் நிலத்தில் குடியேறியவன், அவன் பாதுகாப்பை நாடி வந்தவன், சிறிய குடும்பமாக இருந்து பெரிய குலத்தோடு ஒட்டிக்கொண்டவன் என்று பலரும் தலைவனின் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டார்கள். நம்மில் சாதி, கோத்திரம் என்று எதைச் சொன்னாலும் இதற்குச் சரியாகப் பொருந்தாது. கொங்கு நாட்டில் 'கூட்டம்' என்று சொல்கிறார்களே, அது கொஞ்சம் பக்கத்தில் வரும். ஆனால் ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். கிளானுக்குள் தாராளமாக எடுக்கலாம். அதனால் 'குலம்' என்றே எழுதுகிறேன், இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தலைவன் நீதிபதி, படைத்தலைவன், நிலச்சொந்தக்காரன் மூன்றும் ஒருவனே. அவன் கூப்பிட்டால் ஆள் வாளோடு வரவேண்டும். பதிலுக்கு அவன் தரவேண்டியது என்ன? கேலிக்கில் 'தூஹஸ்' என்று ஒரு சொல் உண்டு. இந்த மண்ணில் பரம்பரையாக வாழ்வதால் எனக்கு இங்கே இருக்க உரிமை உண்டு என்ற நம்பிக்கை அது. எந்தப் பத்திரத்திலும் அது எழுதப்படவில்லை. பத்திரம் தலைவன் பெயரில் மட்டும் இருந்தது. கோளாறு எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

1746 ஏப்ரல் 16ஆம் நாள் கலோடன் என்ற பொட்டல் வெளியில், ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸுக்காகப் போராடிய மலைநாட்டுப் படை, கம்பர்லண்ட் கோமகனின் அரசுப் படையிடம் தோற்றது. சண்டை ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அதன்பின் வந்த சட்டங்கள்தான் நீண்டன. தலைவர்களின் நீதி வழங்கும் அதிகாரம் பறிக்கப்பட்டது. ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. 1747 ஆகஸ்டு முதல் ஆண்களும் சிறுவர்களும் மலைநாட்டு உடை அணியக் கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, மறுபடி பிடிபட்டால் ஏழு ஆண்டு நாடு கடத்தல். ஒரே ஒரு விலக்கு: அரசனுடைய பட்டாளத்தில் சேர்ந்தால் அணியலாம். கவனியுங்கள், உடையை ஒழிக்கவும் செய்தார்கள், அதையே பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் தூண்டிலாகவும் வைத்தார்கள். 1782இல் தடை நீங்கியது, நாகப்பட்டினத்து வாசல் எழுந்த அதே ஆண்டு. முப்பத்தைந்து வருடம் என்பது ஒரு தலைமுறை. வீட்டில் தறி வைத்திருந்தவர்கள், கல்பாசியிலும் மரப்பட்டையிலும் சாயம் காய்ச்சத் தெரிந்தவர்கள் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டார்ட்டன் என்பது வெறும் கட்டம் அல்ல. பாவில் எந்த வரிசையில், எத்தனை இழை என்ன நிறமோ, ஊடையிலும் பொதுவாக அதே வரிசை, அதே எண்ணிக்கை. நெசவு இரண்டுக்கு இரண்டு 'ட்வில்'. அதாவது ஊடை இரண்டு இழைக்கு மேலும் இரண்டு இழைக்குக் கீழுமாகப் போகும், ஒவ்வொரு வரிக்கும் ஓர் இழை நகரும். அதனால் துணியில் சாய்ந்த கோடு விழும். சிவப்புப் பாவும் சிவப்பு ஊடையும் சந்திக்கும் இடத்தில் சுத்தச் சிவப்பு. சிவப்பும் பச்சையும் சந்தித்தால் இரண்டும் கலந்த மூன்றாவது நிறம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அந்த நிறத்தில் நூலே கிடையாது. மூன்று நிற நூல் போட்டால் கலவை மூன்று, ஆக ஆறு நிறம். ஆறு நிற நூல் போட்டால் கலவை மட்டும் பதினைந்து, ஆக இருபத்தொன்று. நிறம் கூடக்கூடத் துணி மங்கும். ஆகையால்தான் நல்ல டார்ட்டன்களில் நிறம் கொஞ்சமாக இருக்கும். ஒரு முழு வரிசைக்கு 'செட்' என்று பெயர். இழை எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும், படமே வேண்டாம், உலகத்தின் எந்த மூலையில் உள்ள நெசவாளியும் அதே துணியைத் தறியில் ஏற்றிவிடுவான்.

உடுத்தும் முறையைச் சொன்னால் நம் பெண்மணிகளுக்குச் சட்டென்று புரியும். பழைய பெரிய கில்ட் தைத்த உடை இல்லை. இரண்டு அகலத்தை ஒன்றாக மூட்டிய நீளத் துணியைத் தரையில் விரித்து, கொசுவம் வைத்து, அதன்மேல் படுத்து, இடுப்பில் கச்சை கட்டி எழுந்திருப்பார்களாம். மேல்பாதியைத் தோளில் போட்டுக்கொள்ளலாம், மழைக்கு முக்காடு போடலாம், ராத்திரி அதுவே போர்வை. ஒன்பது கஜம் கட்டியவர்களுக்கு இது ஒன்றும் பெரிய வித்தையாகத் தோன்றாது. கீழ்ப்பாதியை மட்டும் தனியாக வெட்டித் தைத்த இன்றைய கில்ட் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது. அதைக் கண்டுபிடித்தவர் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பு ஆலைக்காரர் என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று ஒரு கட்சி. ஹ்யூ டிரெவர்-ரோப்பர் என்ற பெரிய சரித்திர ஆசிரியர் 1983இல் இதை எழுதி, ஸ்காட்லாந்துக்காரர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்போது கேட்க விரும்பாத செய்தி ஒன்று சொல்ல வேண்டும். 'இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம்' என்ற ஏற்பாடு பழங்காலத்தது இல்லை. கட்டத் துணி மிகப் பழையது, அதில் சந்தேகமில்லை. கிளென் அஃப்ரிக் என்ற இடத்தில் சதுப்பு நிலத்தில் கிடைத்த துண்டை ஆராய்ந்து, அது ஏறத்தாழ 1500க்கும் 1600க்கும் இடைப்பட்டது என்று 2023இல் அறிவித்தார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்கள் அதில் இருந்திருக்கின்றன. ஆனால் அது எந்தக் குலத்தின் துணி என்று கேட்டால் பதில் இல்லை. ஸ்கை தீவுக்காரரான மார்ட்டின் மார்ட்டின் 1703ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில், கட்டத்தைப் பார்த்தால் ஆள் எந்த ஊர் என்று ஊகிக்கலாம் என்றுதான் சொல்கிறார், எந்தக் குலம் என்று சொல்லவில்லை. இது எந்த ஜவுளிக்காரனுக்கும் விளங்கும். அந்தந்த ஊர் நெசவாளிக்கு ஒரு கை, அந்தந்த மண்ணுக்கு ஒரு சாயம். கலோடன் போரை டேவிட் மோரியர் என்பவர் தீட்டிய ஓவியத்தில் ஒரே ஆள் உடம்பில் இரண்டு மூன்று வெவ்வேறு கட்டங்கள் இருக்கின்றன. போரில் தன் ஆள் யார், எதிரி யார் என்று அடையாளம் காண இளவரசர் பக்கத்தார் தொப்பியில் வெள்ளை ரிப்பன் முடிச்சு வைத்தார்கள். கட்டமே அடையாளமாக இருந்தால் அந்த முடிச்சு எதற்கு?

பிறகு எப்படி வந்தது? வியாபாரத்தில் வந்தது. பானக்பர்ன் என்ற ஊரில் வில்சன் குடும்பத்தார் பட்டாளங்களுக்குக் கட்டத் துணி நெய்து கொடுத்தவர்கள். முதலில் கட்டங்களுக்கு நம்பர்தான். பிறகு நம்பரை எடுத்துவிட்டுப் பெயர் வைத்தால் சரக்கு நன்றாகப் போகிறது என்று கண்டுகொண்டார்கள். அவர்களது 1819ஆம் ஆண்டு மாதிரிப் புத்தகம் இன்றும் ஆராய்ச்சியாளர்களுக்கு வேதம். இதற்கிடையில் லண்டனில் இருந்த மலைநாட்டுச் சங்கத்தார், கவனியுங்கள், ஊரை விட்டு வந்தவர்களின் சங்கம், 1815இல் குலத் தலைவர்களுக்கு எழுதி, 'உங்கள் குலத்துக் கட்டத்தை முத்திரையிட்டு அனுப்புங்கள்' என்று கேட்டார்கள். பல தலைவர்களுக்குத் தங்கள் கட்டம் என்னவென்றே தெரியவில்லை! சிலர் வில்சனிடமே கேட்டு வாங்கி அனுப்பினார்கள். 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட் எல்லாத் தலைவர்களையும் 'உரிய டார்ட்டனில்' வரச்சொன்னார். ராஜாவே சிவப்புக் கட்டக் கில்ட்டில் வந்து நின்றார். வில்சனுக்குத் தறி போதவில்லை. தீபாவளி சீசன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1842இல் ஸோபியெஸ்கி ஸ்டூவர்ட் என்று பெயர் வைத்துக்கொண்ட சகோதரர் இருவர், பழஞ்சுவடி ஒன்றிலிருந்து எடுத்ததாகச் சொல்லி அழகான டார்ட்டன் நூல் ஒன்றை வெளியிட்டார்கள். சுவடி மோசடி. ஆனால் அதில் உள்ள கட்டங்கள் பல இன்றும் குலக் கட்டங்களாக வழங்குகின்றன.

இதிலே எனக்கு மனத்தை உறுத்திய செய்தி ஒன்று. இன்று மெக்ஃபர்சன் குலத்தாரின் கட்டமாக வழங்குவது, வில்சன் கணக்கில் முதலில் வெறும் நம்பர். கிட் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளுக்கு உடுத்த அதை மொத்தமாக வாங்கியிருக்கிறார் என்று டிரெவர்-ரோப்பர் எடுத்துக்காட்டுகிறார். அடிமைக்கு உடுத்திய துணி தலைவருக்குப் பெருமை ஆயிற்று. துணிக்கு ஞாபகம் கிடையாது, விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும்தான் உண்டு.

"அப்படியானால் எல்லாம் பொய்தானே அண்ணாச்சி?" என்று என் மார்க்கெட் நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். பொய் இல்லாத இடம் ஒன்று இருக்கிறது. அது கேடயச் சின்னம்.

டார்ட்டன் வியாபாரிகள் கையில் வளர்ந்தது. கேடயச் சின்னமோ சட்டத்தின் கையில் இருக்கிறது. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் என்று நாம் சொல்கிறோம். எங்கள் சமணக் கோயிலில் ஆதிநாதருக்கு எருது, மகாவீரருக்குச் சிங்கம் என்று பீடத்தில் இலாஞ்சனை பொறித்திருக்கும். சின்னத்தைப் பார்த்துத்தான் எந்தத் தீர்த்தங்கரர் என்று சொல்வோம். ஸ்காட்லாந்துக்காரர்கள் இதே எண்ணத்தைத் தனி மனிதர் வரை கொண்டுவந்து, அதற்கு ஒரு நீதிமன்றமும் வைத்துவிட்டார்கள். எடின்பரோவில் இருக்கும் அந்த நீதிமன்றத்தின் தலைவருக்கு 'லார்ட் லயன்' என்று பட்டம், அரசனின் கேடயத்தில் உள்ள சிங்கத்தை ஒட்டி. 1672இல் ஒரு சட்டம் போட்டார்கள். கேடயச் சின்னம் வைத்திருக்கும் அத்தனை பேரும் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும், பதியாமல் வைத்திருந்தால் குற்றம். அந்தப் பதிவேடு இன்றும் நடக்கிறது, சட்டமும் உயிரோடு இருக்கிறது. அந்த நீதிமன்றத்துக்கென்று தனியாக அரசு வழக்கறிஞர்கூட உண்டு. 2015இல் அயர் யுனைட்டெட் என்ற கால்பந்துக் குழுவின் சின்னம் இந்தப் பழைய விதிக்கு மாறாக இருக்கிறது என்று பேச்சு எழுந்து, பாவம், அவர்கள் சின்னத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

சின்னத்தின் அமைப்பு எளிது. நடுவில் கேடயம். அதன்மேல் தலைக்கவசம். அதற்கும் மேலே ஓர் உருவம், அதற்குக் 'கிரெஸ்ட்' என்று பெயர். பிறகு ஒரு வாசகம். மெக்கன்சி தலைவரின் கேடயத்தில் நீல நிலத்தில் பொன் நிற மான் தலை. மன்றோ தலைவருக்குப் பொன் நிலத்தில் சிவப்புக் கழுகுத் தலை. மெக்ளவுட் தலைவரின் கிரெஸ்ட் காளைத் தலை, வாசகம் 'உறுதியாகப் பிடி'. காம்பெல் தலைவரின் கிரெஸ்ட் காட்டுப்பன்றித் தலை, வாசகம் 'மறவாதே'. நிறங்களிலும் கட்டுப்பாடு உண்டு. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள், சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணங்கள். உலோகத்தின் மேல் உலோகம் வரக்கூடாது, வண்ணத்தின் மேல் வண்ணம் வரக்கூடாது. தூரத்தில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கடை போர்டில் வெள்ளைமேல் மஞ்சள் எழுத்து எழுதுகிற நம்மவர்கள் இந்த விதியை ஒருமுறை படித்தால் தேவலை.

முக்கியமான விஷயம் இதுதான்: கேடயச் சின்னம் ஒரு பெயருக்கு உரியதல்ல, ஒரு குடும்பத்துக்குக்கூட உரியதல்ல, ஒரே ஓர் ஆளுக்கு உரியது. தகப்பனார் இருக்கும்வரை மூத்த மகன்கூட அதை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது, மேலே ஒரு பட்டை போட்டு வேறுபடுத்த வேண்டும். இளைய மகன் லார்ட் லயனிடம் விண்ணப்பித்து, விளிம்பில் ஒரு கரை சேர்த்துத் தனியாகப் பதிய வேண்டும். வேட்டிக் கரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன், கரையைப் பார்த்து எந்தக் கிளை என்று சொல்லிவிடலாம். எடின்பரோவிலும் லண்டனிலும் சுற்றுலாக் கடைகளில், உங்கள் பெயரைச் சொன்னால் போதும், 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று சட்டம் போட்டுக் கொடுக்கிறார்கள். பிறத்தியார் சொத்தை உங்களுக்கு விற்கிறார்கள், வேறென்ன?

அப்படியானால் சாதாரண மெக்ளவுட் ஒருவன், கனடாவிலோ நியூசிலாந்திலோ பிறந்தவன், என்ன அணிவது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தலைவரின் கிரெஸ்ட்டை அவன் தொப்பியில் அணியலாம், ஆனால் அதைச் சுற்றி ஒரு கச்சையும் கொக்கியும் இருக்க வேண்டும். அந்தக் கச்சைக்குப் பொருள் என்ன தெரியுமா? 'இந்தச் சின்னம் என்னுடையது அல்ல, நான் இந்தச் சின்னத்துக்காரனின் ஆள்.' தலைவர் மட்டும் கச்சை இல்லாமல் அணிவார், பின்னால் மூன்று கழுகு இறகு. கிளைத் தலைவர்களுக்கு இரண்டு, சொந்தக் கேடயம் பதிந்தவருக்கு ஒன்று. மற்றவர்களுக்கு இறகு இல்லை, கச்சை உண்டு. தாமஸ் இன்னெஸ் என்ற அறிஞர், பின்னால் 1945 முதல் 1969 வரை லார்ட் லயனாக இருந்தவர், இந்த முறைகளையெல்லாம் விளக்கி எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்துப்போன இடம் இந்தக் கச்சைதான். எல்லாரும் 'என்னுடையது' என்று மார்தட்டும் உலகத்தில், 'என்னுடையது அல்ல' என்பதை நெற்றிக்கு மேலே குத்திக்கொண்டு திரிகிற ஜனங்கள்!

ஆனால் நான் யாருடைய ஆள் என்று ஒருவன் அணிந்து காட்டுகிறானே, அந்தத் தலைவர் அவனுக்கு என்ன செய்தார்? மறுபடி ஃபைரிஷ் குன்றுக்கு வரவேண்டியிருக்கிறது.

1746க்குப் பிறகு தலைவருக்கு வாள் பிடிக்கும் ஆள் வேண்டாம். வாடகைதான் வேண்டும். குடியானவனைவிட ஆடு அதிக வாடகை கொடுத்தது. மன்றோ தன் நிலத்தில் கில்டர்மோரி என்ற பகுதியைக் காமரன் என்ற இரண்டு சகோதரர்களுக்கு ஆடு வளர்க்கக் குத்தகைக்கு விட்டார். சுற்றுவட்டாரக் குடிகளின் மாடுகள் வழக்கமாக மேய்ந்த இடம் போயிற்று. 1792ஆம் ஆண்டை அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் 'ஆடுகளின் ஆண்டு' என்கிறார்கள். அந்தக் கோடையில் ரோஸ்ஷயர் குடியானவர்கள் ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான ஆடுகளைத் திரட்டித் தெற்கே ஓட்டத் தொடங்கினார்கள். யாரையும் கொல்லவில்லை, எதையும் கொளுத்தவில்லை. ஆடு போகட்டும், நாங்கள் இருக்கிறோம் என்பதுதான் அவர்கள் கேட்டது. அவர்களை அடக்கப் பட்டாளம் வந்தது. எந்தப் பட்டாளம்? பிளாக் வாட்ச். அந்தப் பட்டாளத்தின் கர்னல் யார்? 1787 முதல் சர் ஹெக்டர் மன்றோ. என் கடையில் பெண்குழந்தைகளின் பாவாடைக்கு நான் வெட்டிக்கொடுத்த அதே பச்சை நீலக் கட்டம்தான், தூஹஸ் என்று நம்பி நின்ற குடிகளை எதிர்த்து வந்தது. அதை உடுத்தியிருந்தவர்களும் மலைநாட்டுப் பிள்ளைகளே.

அதற்குப்பின் ஒரு நூற்றாண்டு வெளியேற்றம். ஸதர்லண்ட் வட்டாரத்தில் 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் கூரைகளுக்குத் தீ வைத்ததாக பாட்ரிக் ஸெல்லர் என்ற பண்ணை மேலாளர்மேல் 1816இல் வழக்கு நடந்தது, விடுதலையாகிவிட்டார். கப்பல் ஏறியவர்கள் நோவா ஸ்கோஷியாவுக்கும் வேறு பல இடங்களுக்கும் போனார்கள். கேப் பிரட்டன் தீவில் கேலிக் இன்றும் பேசப்படுகிறது. இன்று உலகெங்கும் குலச் சங்கம் நடத்துகிறவர்களில் எத்தனையோ பேர், தலைவர் வெளியே அனுப்பிய குடிகளின் பேரப்பிள்ளைகள். தலைவரின் கிரெஸ்ட்டைக் கச்சைக்குள் வைத்துக் குத்திக்கொள்பவர்கள் அவர்கள்தான்.

இதை ஏமாளித்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மெக்கிரகர் குலத்தாரைப் பாருங்கள். 1603இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் அந்தப் பெயரையே தடை செய்தார். மெக்கிரகர் என்று சொல்லிக்கொண்டால் மரண தண்டனை. அவர்கள் மர்ரே, டிரம்மண்ட், காம்பெல் என்று அக்கம்பக்கத்துப் பெயர்களை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். புகழ்பெற்ற ராப் ராய்கூடக் காம்பெல் என்ற பெயரில் திரிந்தவர்தான். நடுவில் கொஞ்ச காலம் தடை நீங்கி, மறுபடி வந்து, 1774இல்தான் அறவே ஒழிந்தது. நூற்றெழுபது ஆண்டுக்குப் பிறகு பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள்! ஆனால் தலைவர் யார்? 826 பேர் கையெழுத்துப் போட்டு, வங்காளத்தில் கம்பெனி உத்தியோகம் பார்த்த ஜான் மர்ரே என்பவரே எங்கள் தலைவர் என்று அறிவித்தார்கள். அதன்பின் அவர் மெக்கிரகர் ஆனார். தலைவன் குலத்தை உண்டாக்குவதாகத்தான் ஏடு சொல்கிறது. இங்கே குலம் தலைவனை உண்டாக்கியது.

2000ஆம் ஆண்டில் மெக்ளவுட் தலைவர் தம் டன்வேகன் கோட்டையின் கூரையைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும் என்று, ஸ்கை தீவின் கருப்புக் கூலின் மலைத்தொடரை ஒரு கோடி பவுனுக்கு விற்க முன்வந்தார். பெரிய கூச்சல் எழுந்தது. ஒரு மலை ஒரு மனிதனுக்குச் சொந்தமாக இருக்க முடியுமா என்று கேட்டார்கள். விற்பனை நடக்கவில்லை. தூஹஸ் என்ற பழைய சொல் அப்போது பத்திரிகைகளில் மறுபடி தலைகாட்டியது. அந்தத் தலைவருக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்தவர் அவருடைய பாட்டி, டேம் ஃப்ளோரா மெக்ளவுட். அந்த அம்மாள் முதிர்ந்த வயதிலும் கடல் கடந்து போய், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று சங்கம் சங்கமாகச் சந்தித்தவர். 1976இல் தொண்ணூற்றெட்டாம் வயதில் மறைந்தார். பெண் தலைவராக இருக்கலாமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

சமணன் என்ற முறையில் ஒருவரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே ஊரில் பிறந்த காலின் மெக்கன்சி, 1783இல் சென்னைக்கு வந்து, 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனவர். ஊர் ஊராகச் சென்று சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் சேர்த்தார். அவற்றில் பெரும்பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. சமணரைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதிய ஐரோப்பியர்களில் அவர் ஒருவர். அதற்கு உதவிய தர்மையா என்ற சமணப் பண்டிதரைத் தம்மிடமே வேலைக்கு வைத்துக்கொண்டார். 1816இல் தாமஸ் ஹிக்கி தீட்டிய ஓவியத்தில் மெக்கன்சி சிவப்புச் சட்டையில் நிற்க, அவருடைய உதவியாளர்கள் சுற்றி நிற்க, பின்னால் குன்றின்மேல் கோமடேசுவரர் தெரிகிறார். மெக்கன்சி உடம்பில் டார்ட்டன் இல்லை, கழுகு இறகு இல்லை, மான் தலையும் இல்லை. 1821இல் கல்கத்தாவில் பார்க் தெரு மயானத்தில் அடக்கம் ஆனார். தம் தீவின் கதைகளைக் கேலிக்கில் சேர்த்தாரா என்றால் அப்படியொன்றும் தெரியவில்லை. நம் கதைகளைச் சேர்த்தார்.

கடைசியாக, போன வருடம் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். "மாமா, நம்ம சங்கத்துக்கு ஒரு டார்ட்டன் பதிவு பண்ண முடியுமா?" முடியும் என்றேன். 2008இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 2009 பிப்ரவரியில் அரசுப் பதிவேடே திறந்துவிட்டது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், ஸ்காட்லாந்து இரத்தம் தேவையில்லை. சிங் என்ற பெயரில்கூட ஒரு கட்டம் இருக்கிறது. கட்டம் புதியதாக இருக்க வேண்டும், இழை எண்ணிக்கை கொடுக்க வேண்டும். ஒரு சங்கத்தின் பெயரில் என்றால் அந்தப் பெயரோடு நமக்குத் தொடர்பு உண்டு, சம்மதம் உண்டு என்று காட்ட வேண்டும். பையன் அன்றே உட்கார்ந்து மஞ்சளும் சிவப்புமாகப் படம் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். கறுப்பு நாலு இழை சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்று நான் சொன்னேன். சேர்க்கக்கூடாது, கட்சிக்கொடி மாதிரி ஆகிவிடும் என்று செயலாளர் சொன்னார். பச்சை போடலாம் என்று பொருளாளர். விஷயம் இப்போது பொதுக்குழுவில் இருக்கிறது.